ஆர்டர் போயிடும் என்ற பயம்

எறையூரில் ஷூ கம்பெனி ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெயங்கொண்டத்தில் தைவான் ஷூ கம்பெனிக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். கீழப்பழுவூர் டீக்கடையிலும், "பொண்ணுக்கு மாசம் எவ்வளவு குடுப்பான்?" என்றுதான் பேச்சு. எவ்வளவு கொடுத்தால் குடும்பம் ஓடும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. உட்காருங்கள், சொல்கிறேன்.

குறைந்தபட்சக் கூலி அரசு போட்ட கோடு. அதற்குக் கீழே கொடுத்தால் குற்றம், அவ்வளவுதான். தொழிலாளர் அமைப்புகள் சேர்ந்த 'ஆசிய அடித்தளக் கூலிக் கூட்டணி' 2009-இல் வேறு மாதிரி கணக்குப் போட்டது. பெரியவருக்கு ஒரு பங்கு, பிள்ளைக்கு அரைப் பங்கு. பெரியவர் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு, ஆக மூன்று பங்கு. ஒரு பங்குக்கு நாளைக்கு 3,000 கலோரி சாப்பாடு. சாப்பாட்டுக்கு ஆகிற அளவே வாடகை, வைத்தியம், படிப்பு என மற்றதற்கும். இத்தனையும் ஓ.டி. பார்க்காமல், வாரம் 48 மணி நேர வேலையிலேயே வந்துவிட வேண்டும்.

ஆசியாவுக்கே ஏன் ஒரு கணக்கு? திருப்பூரில் கூலி கேட்டால் "ஆர்டர் பங்களாதேஷுக்குப் போயிடும்" என்பார்கள். அங்கே கேட்டால் இன்னொரு நாட்டைக் காட்டுவார்கள். 2023-இல் பங்களாதேஷ் தையல் தொழிலாளர்கள் 23,000 டாக்கா மாதக் கூலி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள், கிடைத்தது 12,500. விலையை முடிவு செய்பவர் துணி வாங்கும் பிராண்டுக்காரர். அவரை விட்டுவிட்டு உள்ளூர் முதலாளியிடம் மட்டும் பேசி என்ன பயன்?

அந்தப் பிராண்டுக்காரரைப் பேச்சுக்கு இழுத்து உட்காரவைத்தவர்கள் திண்டுக்கல் பெண்கள். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார், சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் துணி வாங்கும் எச் அண்ட் எம்மும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பிறகு கேப், பி.வி.எச். பிராண்டுகளும் வந்தன. 25 பேருக்கு ஒருவர் என்று லைனில் வேலை பார்க்கும் பெண்களே கண்காணிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆலை பேச்சு மாறினால் பிராண்டு ஆர்டரில் கை வைக்கும் என்பதும் நிபந்தனை. "ஆர்டர் போயிடும்" என்ற பயம் முதலாளி பக்கம் மாறியது.

அந்த ஒப்பந்தம் கூலிக்காகப் போட்டதல்ல; பாலியல் தொல்லையைத் தடுக்கவும் சங்கம் சேரும் உரிமையைக் காக்கவும் போட்டது. ஆனால் சூப்பர்வைசரிடம் வாய் திறக்கவே பயப்படுகிற இடத்தில் யார் கூலி கேட்பது?

உங்கள் பெண்ணை அனுப்புமுன் மூன்று விஷயம் விசாரியுங்கள்: சம்பளச் சீட்டு கையில் வருமா, ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் உண்டா, பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்புகார்க் குழுவில் யார் யார். பதில் மழுப்பலாக வந்தால், சங்கம் தேவைப்படும் கம்பெனி அது.