நடக்கிறவங்க கணக்கில் வராத ரயில் கேட்

விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியா மானாமதுரை போகும் ரயில் பாதை 1963-64ல் மீட்டர் கேஜாகப் போட்டது. அகலப்பாதையாக மாற்றி மறுபடி ரயில் விட்டது 2013ல். பரபரப்பான பாதை இல்லை. சிலம்பு எக்ஸ்பிரஸ் மாதிரி சில வண்டிகள், கொஞ்சம் பாசஞ்சர், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கரிசல் காட்டில் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிற கால்கள் ஏராளம். ஊர் ஒரு பக்கம், காடு இன்னொரு பக்கம். (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே 'காட்டுக்குப் போறது' என்றால் வனத்துக்கு இல்லை, மானாவாரி நிலத்துக்கு.) பருத்தி எடுக்க, மிளகாய் பறிக்க, மல்லி பிடுங்க, சீமைக்கருவேலம் வெட்ட, கரி மூட்டம் பார்க்க, நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்கு என்று எல்லாமே நடைதான்.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு கேட்டை மூடப்போவதாகத் தெரிந்தால் முதலில் சண்டைக்கு வருவது கார்க்காரர் இல்லை. அவருக்கு ரெண்டு கிலோமீட்டர் சுற்றுவது ஒரு விஷயமே இல்லை. தலையில் தட்டைக் கட்டு வைத்திருக்கிற பெண்ணும், ஆடு மேய்க்கிறவரும்தான் முதலில் வருவார்கள். இது தமிழ்நாடு முழுக்க நடக்கிற கதை. குறிப்பாக எந்த கேட் என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் அது அந்த ஊர்ப் பிரச்சினை ஆகிவிடும். எனக்கு இதில் தோண்டிப் பார்க்கத் தோன்றியது வேறு விஷயம்: ரயில்வே ஒரு கேட்டின் முக்கியத்துவத்தை எப்படிக் கணக்கிடுகிறது?

அதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் டி.வி.யு. என்பார்கள். ரயில்-வண்டி அலகு என்று வைத்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் அந்த கேட்டைத் தாண்டும் ரயில்களின் எண்ணிக்கையை, குறுக்கே போகும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். கார், லாரி, பஸ், டிராக்டர் ஒவ்வொன்றும் ஒரு அலகு. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்கூட ஒரு அலகு. ஆட்டோவும் சைக்கிள் ரிக்‌ஷாவும் அரை அலகு. இருசக்கர வாகனத்துக்கு அதற்கும் குறைவு.

நடந்து போகிறவருக்கு? ஒன்றும் இல்லை. பூஜ்யம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பூஜ்யம்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கேட்டில் ஒரு நாளைக்கு 8 ரயில். டிராக்டர், வேன், பைக் எல்லாம் சேர்த்து 20 அலகு. பெருக்கினால் 160. அதே கேட்டில் காலையிலும் மாலையிலும் 200 பேர் நடந்து போகிறார்கள், 600 ஆடு கடக்கிறது என்று வையுங்கள். இப்போதும் 160தான். ஒரு கேட்டுக்குப் பதிலாக மேம்பாலம் கட்டும் செலவை ரயில்வே மாநில அரசோடு பங்கிட்டுக்கொள்ள வழக்கமாகக் கேட்கும் எல்லை 1,00,000 அலகு. அதன் பக்கத்தில் இந்த 160ஐ வைத்துப் பார்த்தால், 'யாருமே போகாத கேட்' என்று மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கிற படிவத்தில் அந்த 200 பேரை எழுதக் கட்டம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. ரயில்வேயின் நிரந்தரப் பாதைக் கையேட்டில் லெவல் கிராசிங்குகளை வகுப்பு பிரித்திருக்கிறார்கள். ஸ்பெஷல், ஏ, பி, சி என்று போய் கடைசியாக 'டி' வகுப்பு, கால்நடை கடப்பதற்கு. அதாவது விதி எழுதியவருக்கு ஆடு மாடு தண்டவாளத்தைத் தாண்டும் என்பது நன்றாகவே தெரியும். எண்ணுகிற இடத்தில்தான் அது விடுபட்டுப் போகிறது.

ஏன் மூடுகிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2018 ஏப்ரல் 26ல் உத்தரப் பிரதேசம் குஷிநகரில் ஆளில்லா கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு வேகம் கூடி, 2019 ஜனவரி இறுதிக்குள் அகலப்பாதையில் இருந்த ஆளில்லா கேட்டுகள் அத்தனையும் ஒழிக்கப்பட்டன. சிலதுக்கு ஆள் போட்டார்கள், சிலதுக்குக் கீழே சுரங்கப்பாதை, சிலதை அப்படியே மூடிப் பக்கத்து கேட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், 2012ல் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு, ஆள் இருக்கிறதோ இல்லையோ எல்லா லெவல் கிராசிங்கையும் ஐந்து வருஷத்தில் ஒழித்துவிட வேண்டும் என்றது. செலவு சுமார் 50,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஆள் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2025 ஜூலை 8ல் கடலூர் செம்மங்குப்பத்தில் நடந்தது சாட்சி. அங்கே கேட் கீப்பர் உண்டு. ஆனால் கேட்டுக்கும் சிக்னலுக்கும் பூட்டிணைப்பு கிடையாது. பூட்டிணைப்பு இருந்தால் கேட் மூடாமல் சிக்னல் விழாது. பள்ளி வேனில் வந்த மூன்று மாணவர்கள் போனார்கள். அதன் பிறகுதான் பூட்டிணைப்பு தருவதற்கான எல்லையை 20,000 அலகில் இருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். நம்ம 160ஐ மறந்துவிடாதீர்கள்.

ஆக, கேட் ஆபத்துதான். அதை எதிர்ப்பவர்களும் மறுக்கவில்லை. கேள்வி, மூடியபின் அந்தக் கால்கள் எங்கே போகும் என்பதுதான்.

ககோட்கர் குழு அறிக்கையிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. தண்டவாளத்தை அத்துமீறிக் கடப்பதில் வருஷத்துக்கு ஏறக்குறைய 15,000 பேர் சாகிறார்கள் என்று அது கணக்குச் சொன்னது. மும்பை புறநகரில் மட்டும் சுமார் 6,000. ரயில்வே இவற்றை ரயில் விபத்தாகச் சேர்ப்பதில்லை. 1989ம் வருஷ ரயில்வே சட்டத்தின் 147ம் பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்தில் நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இல்லை ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். நேற்று வரை கேட் வழியாக முறையாகத் தாண்டியவர், கேட்டைப் பிடுங்கி ரெண்டு பக்கமும் தண்டவாளத் துண்டை நட்டுவிட்டால் இன்றைக்கு அதே இடத்தில், அதே அரிவாள் தூக்குவாளியோடு, அத்துமீறுபவர் ஆகிவிடுகிறார். கடப்பது நிற்கவில்லை. பதிவேட்டில் பத்தி மட்டும் மாறுகிறது.

'அதான் சுரங்கப்பாதை கட்டித் தர்றோமே' என்பார்கள். சரி, அதைப் பார்ப்போம்.

பத்தடி உயர மண்மேட்டின் மேல் தண்டவாளம் போகிற இடத்தில் இது அருமையான ஏற்பாடு. வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பெட்டிகளைச் சில மணி நேரம் ரயிலை நிறுத்தி உள்ளே இறக்கிவிடலாம், தரை மட்டத்திலேயே நடந்து போய்விடலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தரை தட்டை, பல இடங்களில் மேடு குட்டை. அப்படிப்பட்ட இடத்தில் உயரம் கிடைக்க வேண்டுமென்றால் கீழே தோண்டத்தான் வேண்டும். தோண்டினால் அது பாதை இல்லை, ரெண்டு பக்கமும் சரிவு வைத்த ஊருணி. அதிலும் இந்த மண் கரிசல். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும், தண்ணீரைச் சட்டென்று கீழே விடாது. இன்னொன்று, இந்த நாட்டில் தண்ணீர் மொத்தமாகத் தென்கிழக்கே, ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமாகச் சரிகிறது. குண்டாறு போகும் திசையைப் பார்த்தாலே தெரியும். தண்டவாளமோ விருதுநகரில் இருந்து வடகிழக்காக மானாமதுரைக்குப் போகிறது. ஓடைக்கும் கண்மாய் வரத்துக்கும் குறுக்கே படுத்திருக்கிறது. அதில் எங்கே பள்ளம் பறித்தாலும் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தானாகத் தேடி வரும். வருஷத்தில் பத்து மாதம் வறட்சி என்று பெயர் எடுத்த ஊரில், மிச்ச ரெண்டு மாதம் வழியில் இடுப்பளவு தண்ணி. அந்த ரெண்டு மாதம்தான் விதைப்பும் களையெடுப்பும் என்பது வரைபடம் போட்டவருக்குத் தெரிய நியாயமில்லை.

மோட்டார் வைத்து இறைக்கலாம் என்பது திட்டத்தில் எழுதியிருக்கும். கரண்ட் பில் யார் கட்டுவது, டீசல் யார் வாங்குவது, ரயில்வேயா பஞ்சாயத்தா என்பது எழுதியிருக்காது, அல்லது எழுதியிருந்தும் யாரும் படித்திருக்க மாட்டார்கள். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைத்தண்ணீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் மூழ்கி இறந்தார். அதற்கப்புறம் ஊர்க்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்: சுரங்கப்பாதை வேண்டாம், பழையபடி கேட்டையே வையுங்கள் என்று. காருக்கே அந்தக் கதி என்றால் நடக்கிறவர் என்ன செய்வார்? இறங்கவே மாட்டார். மேலே ஏறித் தண்டவாளத்தைத் தாண்டுவார். ஆடு அதைவிட விவரம். இருட்டும் தண்ணியும் சேர்ந்த இடத்தில் கால் வைக்காது. ஒன்று மேலே ஓடினால் கிடை மொத்தமும் மேலே ஓடும். ரயில் வருகிற நேரமாக இருந்தால் கீதாரிக்கு அன்றோடு பிழைப்பு முடிந்தது.

சுற்றுப்பாதை என்றால் எவ்வளவு என்பதையும் கால் கணக்கில் சொல்கிறேன். அடுத்த கேட் வழியாகப் போனால் கூடுதலாக ரெண்டு கிலோமீட்டர் என்று வையுங்கள். தலைச்சுமை இல்லாமலே அது அரை மணி நேர நடை. போக வர ஒரு மணி நேரம். பைக்குக்கு ஏழெட்டு நிமிஷம். ஒரே தூரம், ஆனால் ஒருத்தருக்கு அது பெட்ரோல், இன்னொருத்தருக்குக் கூலி. எட்டரைக்குள் வேலைத்தளத்தில் இல்லையென்றால் பேர் எழுத மாட்டார்கள் என்று இருக்கிற பெண்ணிடம் போய் 'ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று சொல்லிப் பாருங்கள்.

சுடுகாட்டுப் பாதையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. பல ஊர்களில், அதிலும் காலனித் தெருக்காரர்களுக்கு, சுடுகாடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ஊருக்கு ஒதுக்குப்புறம் என்று ரயிலுக்கு நிலம் எடுத்தபோது, ஏற்கெனவே ஒதுக்கி வைத்தவர்களின் இடங்களுக்கு நடுவில்தான் பாதை போனது. மழைக்காலத்தில் பாடையைத் தூக்கிக்கொண்டு சுரங்கப்பாதைத் தண்ணிக்குள் இறங்குகிற படங்கள் தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. இறந்தவரும் தூக்குகிறவர்களும் டி.வி.யு.வில் பூஜ்யம்தான்.

வேறு நாட்டில் எப்படி என்று தேடினால் இங்கிலாந்து சுவாரசியமானது. அங்கே பொது நடைபாதை என்பது சட்டப்படியான உரிமை. 1949ம் வருஷச் சட்டத்தின்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதிகாரப்பூர்வ வரைபடம் உண்டு, அதில் அந்தப் பாதை ஏறியிருக்கும். ரயிலைக் கடக்கும் நடைபாதையை மூட வேண்டுமென்றால் 1980ம் வருஷ நெடுஞ்சாலைச் சட்டத்தின் 118ஏ பிரிவில் தனி உத்தரவு வேண்டும். ஆட்சேபம் வந்தால் மேலிடம் விசாரித்துத்தான் முடிவு சொல்லும். எசெக்ஸ், சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதிகளில் நெட்வொர்க் ரயில் ஒரே திட்டமாக ஏராளமான கிராசிங்குகளை மூடக் கேட்டபோது, 1935ல் தொடங்கிய ராம்ப்ளர்ஸ் என்ற நடப்போர் சங்கம் விசாரணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாதாடியது. சிலவற்றை மூட அனுமதி கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்தில் டால்வின்னி என்ற ஊரில் 2021ல் கிராசிங் கேட்டைப் பூட்டியபோதும் நடப்பவர்கள்தான் எதிர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் மலையேறப் போகிறவர்கள், காற்று வாங்கப் போகிறவர்கள். பொழுதுபோக்காக நடப்பவருக்கு அங்கே இருக்கிற சட்டப் பிடிமானம், பிழைப்புக்கு நடப்பவருக்கு இங்கே இல்லை.

கொஞ்சம்கூட இல்லையா என்றால், இருக்கிறது. ரயில்வே சட்டத்தின் 16ம் பிரிவு, பாதை போட்டதால் நிலத்தைப் பயன்படுத்துவதில் ஏற்படும் தடையைச் சரிசெய்யக் கடவைகள், பாலங்கள், வழிகள் அமைத்துத் தர வேண்டியது ரயில்வேயின் கடமை என்கிறது. ஆனால் ஒரு வால் உண்டு: ரயில் ஓடத் தொடங்கிப் பத்து வருஷம் ஆனபின், அரசு கேட்டால் ஒழிய, கூடுதல் வேலைக்கு ரயில்வே செலவு செய்ய வேண்டியதில்லை. நம்ம பாதைக்கு அந்தப் பத்து வருஷம் 1970களிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின் 17ம் பிரிவுதான். மாநில அரசோ உள்ளாட்சியோ நிலக்காரரோ தன் செலவில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் தன் செலவில் ரயில்வே பாலம் கட்டுவது எப்படி என்று கேட்காதீர்கள்.

அதனால் புதுசாகக் கேட்பதைவிட, இருப்பதை மூடவிடாமல் பிடிப்பதுதான் சாத்தியமான சண்டை. அதற்கு இடம் கலெக்டர் ஆபீஸ். கேட்டை மூட மாவட்ட நிர்வாகத்தின் சம்மதம் தேவை. செம்மங்குப்பம் விபத்து நடந்ததும் தெற்கு ரயில்வே முதலில் சொன்ன விஷயங்களில் ஒன்று, சுரங்கப்பாதைக்குக் கலெக்டர் ஒரு வருஷமாக அனுமதி தரவில்லை என்பது. அந்தச் சம்மதத்துக்கு எவ்வளவு எடை என்று இதில் தெரிகிறது. சம்மதம் போவதற்கு முன்னால் ஊர்க்காரர் போய்ச் சேர வேண்டும், போன பிறகு இல்லை.

வெறும் மனுவோடு போனால் 'பரிசீலிக்கப்படும்'. கையில் என்ன இருக்க வேண்டும்? முதலில் கிராம வரைபடமும் புலப்படமும். தாலுகா ஆபீஸில் கிடைக்கும். அதில் வண்டிப்பாதையும் ஒற்றையடிப் பாதையும் குறித்திருந்தால், அந்த வழி ரயிலுக்கு முந்தியது என்று காட்டலாம். ரெண்டாவது, தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி: இந்த கேட்டில் கடைசியாக எந்தத் தேதியில் வண்டி எண்ணினீர்கள், எத்தனை அலகு வந்தது, சுரங்கப்பாதையின் தரை மட்டம் பக்கத்து ஓடையின் தரையைவிட மேலேயா கீழேயா. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலே பாதி வழக்கு. அப்புறம் கிராம சபைத் தீர்மானம். மே 1க்கும் அக்டோபர் 2க்கும் சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அவர்கள் எண்ணாததை நாமே எண்ணுவது. ஒரு வாரம், கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் ரெண்டு காலேஜ் பிள்ளைகளை நோட்டோடு உட்கார வைத்தால் போதும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, தலைச்சுமையோடு எத்தனை, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, ஆடு எத்தனை, மணி எத்தனைக்கு. அறுப்பு நேரத்தில் ஒரு வாரம், மழை நேரத்தில் ஒரு வாரம் எடுத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கோடையில் எண்ணினால் கரிசல் காட்டில் ஆளே இருக்காது.