ஏழாம் நரம்பு

வைகறையில் வுளூச் செய்யக் கொப்பளித்த நீர் வலக்கடைவாயால் வழிந்தது. பாரிசவாதமென்று வீடே கலங்கிற்று. கல்முனையில் என்னைப் பார்த்த மருத்துவர், "புருவத்தை உயர்த்துங்கள் சேர், கண்களை இறுக மூடுங்கள், பல்லைக் காட்டுங்கள்" என்றார். வலப்புறம் நெற்றியும் சுருங்கவில்லை. அவரோ ஆறுதலுற்றார்! நெற்றியை மூளையின் இருபுறமும் ஆள்வதால் பாரிசவாதத்தில் அது பெரும்பாலும் தப்பும். என் பழுதோ 12 இணை மண்டையோட்டு நரம்புகளுள் ஏழாவதாகிய முகநரம்பில். மூன்று நாளுக்குள் தொடங்கினாற் பயன் மிகுமென்று உடனே ஸ்டீரொய்ட் மாத்திரை தந்தார்.

நாவை இயக்கும் பன்னிரண்டாம் நரம்பு நலமே, தகரம் பிழைத்தது. இதழிரண்டும் இயைய வேண்டிய பகரமும் மகரமும் குழறின. தொல்காப்பியப் பிறப்பியல் கற்பிப்பவனுக்கு வேறென்ன தண்டனை வேண்டும்? மானிப்பாய்க் கிறீன் வைத்தியர் 1872இல் தமிழில் தந்த 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலைப் பெயரளவிலேயே அறிந்திருந்தமைக்கும் நாணினேன்.

மூன்றாம் வாரம் வகுப்பில் 'பம்பரம்' என்றேன். பிள்ளைகள் கைதட்டினர்.