பூட்டிய வீட்டுக்காரர்களை யார் எண்ணுவது?



சமீபத்தில் ஒரு கிராமத்தில் குழுவின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். பதினாறு பேர் உள்ள குழு. தை மாசம் தொடங்கி ஆனி வரைக்கும் ஏழு பேருக்கு "வரவில்லை" என்றே எழுதியிருந்தது. கேட்டால், "சூளைக்குப் போயிட்டோமுங்க, வேற எங்க போறது?" என்றார்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் கல் அறுக்கப் போகிற குடும்பங்கள் நம் குழுக்களில் நிறைய. குழு நோட்டில் இருக்கிற இந்தக் கணக்கு நாட்டுக் கணக்கில் இருக்கிறதா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தக் கேள்வியின் அருமை தெரிந்தது. லட்சக்கணக்கான பேர் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். அந்த செப்டம்பரில் பாராளுமன்றத்தில் கேட்டபோது, ஒரு கோடிக்கும் மேல் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள் என்றது மத்திய அரசு. வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்றதற்கு, அப்படி ஒரு கணக்கே இல்லை என்று பதில் வந்தது. கணக்கில் இல்லாதவருக்கு நிவாரணம் எப்படி ஒதுக்குவார்கள்?

கணக்கே எடுப்பதில்லை என்று சொல்ல முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம் பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல். அதில் சுமார் 31 கோடி பேர் பெண்கள்! ஆனால் இடம் மாறியதற்கு ஒரே ஒரு காரணம்தான் குறிக்கிறார்கள். 2020-21ல் எடுத்த தொழிலாளர் கணக்கெடுப்பில், இடம் பெயர்ந்த பெண்கள் 100 பேரில் 87 பேருக்குக் காரணம் "கல்யாணம்". கட்டிக்கொண்டு வந்த ஊரிலிருந்து வருஷா வருஷம் சூளைக்குப் போய் மண் மிதிப்பதும் கல் அறுப்பதும் அந்த ஒரு வார்த்தைக்குள் மறைந்துபோகிறது.

சூளைக் கூலியும் அப்படித்தான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று ஜோடிக்குச் சேர்த்துப் பேசுகிறார்கள், கணக்கு வீட்டுக்காரர் பேரில். கணக்கெடுக்க வருபவர் "அம்மா என்ன வேலை?" என்று கேட்டால், "வீட்லதான் இருக்கா" என்று அவரே சொல்லிவிடுகிறார். வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எடுத்த குடும்ப விவரப் படிவத்திலும் இந்த ஏழு பேரில் நாலு பேருக்கு "இல்லத்தரசி" என்றுதான் எழுதியிருந்தோம். இப்போது திருத்திவிட்டோம்.

அடுத்த சிக்கல், கால அளவு. 2007-08ல் அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு மாசத்துக்கு மேல், ஆறு மாசத்துக்குள் வேலைக்காக வெளியே தங்கியவர்களைத் தனியாகக் கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் குடும்பமே போய்விட்டால் பதில் சொல்ல வீட்டில் யார் இருப்பார்கள்? வீடு பூட்டியிருக்கும். ஆணை மட்டும் அனுப்பிவிட்டு மனைவி ஊரில் இருக்கிற வீடு கணக்கில் வருகிறது. மனைவியும் பிள்ளையும் சேர்ந்து போகிற வீடு விட்டுப்போகிறது.

2021ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 பிப்ரவரிக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. பிப்ரவரி என்றால் தை, மாசி. சூளையில் வேலை மும்முரமாக நடக்கிற நேரம்! 2011 கணக்கெடுப்பில் இருந்த விதிப்படி, எண்ணுகிற நாட்கள் முழுவதும் வெளியூரில் இருப்பவரை அவர் இருக்கிற இடத்தில்தான் எண்ண வேண்டும். அதாவது சூளைக் கொட்டகையில். அங்கே ஆள் வரவில்லை என்றால் அந்த ஊராட்சி அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ போய்க் கேளுங்கள். மேஸ்திரி மொத்தமாகச் சொல்லட்டும் என்று விடாதீர்கள். உங்கள் பேர், உங்கள் வேலை, நீங்களே சொல்லுங்கள். சூளைப் பக்கம் எத்தனை சின்னப் பிள்ளைகள் என்று தெரிந்தால்தானே அங்கன்வாடி கேட்க முடியும்?

இ-ஷ்ரம் பதிவு பற்றியும் பலர் கேட்கிறீர்கள். அமைப்புசாரா தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வயது 16 முதல் 59 வரை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் பதியலாம். ஆதாரும் வங்கிக் கணக்குப் புத்தகமும் தேவை. நாடு முழுக்க 30 கோடிக்கு மேல் பதிந்திருக்கிறார்கள், பாதிக்கு மேல் பெண்கள். கணவர் அட்டை இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், உங்களுக்குத் தனி அட்டை உண்டு. தொழில் கேட்கும்போது "செங்கல் சூளை" என்றே சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். தீர்மான நோட்டில் கடைசிப் பக்கத்தில், யார், எந்த மாசம், எந்த ஊர், என்ன வேலை, கூட எத்தனை பிள்ளைகள் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். கூட்டமைப்புக் கூட்டத்தில் எல்லா ஊர்க் கணக்கையும் சேர்த்து, கிராம சபையில் கொடுக்கலாம்.