இழுத்த பக்கம் வராத துகள்

"அனல்மின் நிலையப் புகையில் இருக்கும் சாம்பலை மின்புலத்தால் பிரிக்கிறார்கள். அதே மின்புலம் அணுப்பிணைவு இயந்திரத்தில் என்ன செய்யும்?" என்று திருவொற்றியூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சாம்பலைப் பிரிக்கும் ஈ.எஸ்.பி. கருவிப் பிரிவில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றாது.

ஈ.எஸ்.பி.யில் சாம்பல் துகளுக்கு மின்னூட்டம் ஏறும், இழுக்கிற தட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அணுப்பிணைவு இயந்திரமான டோகமாக்கிலோ வலுவான காந்தப்புலமும் கூட இருக்கிறது. அங்கே துகள் இழுத்த பக்கம் வராது. இரண்டு புலங்களுக்கும் குறுக்காக நழுவும்.

துகள் காந்தக்கோட்டைச் சுற்றி வட்டமடிக்கிறது. ஒரு பாதியில் மின்புலம் அதை முடுக்க, வட்டம் விரிகிறது. மறுபாதியில் தடுக்க, சுருங்குகிறது. பாதிகள் பொருந்தாததால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளிப்போகிறது. எனக்குப் பிடித்த வேடிக்கை இனிமேல்தான். எலக்ட்ரானை மின்புலம் எதிர்ப்பக்கம் தள்ளும். அது சுற்றுவதும் எதிர்ப்பக்கம். இரண்டு எதிரும் சேர்ந்து கழிந்துபோக, அயனியும் எலக்ட்ரானும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கின்றன! ஆயிரக்கணக்கான மடங்கு எடை வித்தியாசம் கணக்கிலேயே வருவதில்லை.

இந்த அயனிகளும் எலக்ட்ரான்களும் சேர்ந்த கலவைதான் பிளாஸ்மா. அதன் வெப்பத்தை வெளியே கடத்துபவை சிறுசிறு சுழல்கள். விளிம்பில் மின்புலம் அடுக்குக்கு அடுக்கு மாறினால் அடுக்குகள் நழுவும் வேகமும் மாறும். நடுவில் சிக்கிய சுழல்கள் பிய்ந்துவிடும். காசிமேட்டில் விசைப்படகு கடக்கும்போது தண்ணீரில் மிதக்கும் டீசல் வட்டம் நூலாக இழுபட்டு அறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1982இல் ஜெர்மனியின் கார்ஷிங்கில், ஆஸ்டெக்ஸ் டோகமாக்கில் வெப்பம் தங்கும் நேரம் திடீரென ஏறத்தாழ இருமடங்கானதை ஃபிரிட்ஸ் வாக்னர் கவனித்தார். விளிம்பு மின்புலம்தான் காரணம் என்ற விளக்கம் பிறகே வந்தது. காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா டோகமாக்கில், விளிம்புக்குள் மின்முனை ஒன்றைச் செருகி மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். கொந்தளிப்பு அடங்கியது, பிளாஸ்மா கூடுதல் நேரம் தங்கியது. நம் செய்தித்தாள்களுக்கு இதெல்லாம் வேண்டாம்; 'செயற்கைச் சூரியன்', இத்தனை கோடி டிகிரி என்றால் போதும்.

அணுப்பிணைவு மின்சாரம் எப்போது வரும் என்றும் வாசகர் கேட்கிறார். அதுவரை எண்ணூர்க் காற்றுக்கு ஈ.எஸ்.பி.தான் காவல். நூறாண்டைத் தாண்டிய தொழில்நுட்பம் அது. பழுதாகிக் கிடந்தால் குற்றம் இயற்பியலுடையது அல்ல. உங்கள் நிலையத்தில் ஈ.எஸ்.பி.யின் எல்லாப் பகுதிகளுக்கும் மின்சாரம் போகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.