கடற்கரை மணலில் உலோகந் தேடல்



கடற்கரைக்குச் செல்வோரிற் காற்று வாங்கச் செல்வோர் உளர். மீன் வாங்கச் செல்வோர் உளர். மேலை நாடுகளிலே, சிறப்பாக அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும், இவ்விரண்டும் அல்லாத வேறொரு நோக்கத்துடன் விடியுமுன்னரே கரைக்கு வருவோரும் உளர். அவர்கள் கையிலே நீண்ட தடியொன்று இருக்கும். தடியின் அடியில் வட்டத் தட்டொன்று பொருத்தப்பட்டிருக்கும். காதிலே ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தட்டை மணலுக்கு மேலே இடமும் வலமுமாக அசைத்தவாறு மெல்ல நடந்து செல்வர். இடையிடையே நின்று குனிந்து தோண்டுவர். அவர்கள் தேடுவது மணலுள் மறைந்து கிடக்கும் உலோகப் பொருள்களை. இத்தேடல் எவ்வாறு நடைபெறுகின்றது, அதனாற் கிடைப்பது யாது, இழக்கப்படுவது யாது என்பனவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலிற் கருவியின் வரலாற்றை நோக்குவோம். இது புதையல் தேடுவதற்காகப் பிறந்த கருவி அன்று. 1881ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலுள் தங்கிய குண்டு எங்கே கிடக்கின்றது என அறிய வைத்தியர்களால் இயலவில்லை. தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல் மின்சாரத்தால் இயங்கும் கருவியொன்றை அமைத்து அக்குண்டைத் தேடினார். ஆயினும் குண்டு அகப்படவில்லை. கட்டிலில் இருந்த உருக்குக் கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன என்பர். பின்னர், கெர்ஹார்ட் பிஷர் என்னும் பொறியியலாளர், விமானங்களுக்குத் திசை காட்டும் ரேடியோக் கருவிகளைச் சோதித்தபோது, உலோகக் கனிமம் உள்ள இடங்களில் அவை பிழைபடுவதைக் கவனித்தார். அப்பிழையையே பயனாக மாற்றி அவர் அமைத்த உலோகங்காண் கருவிக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டு இராணுவ அதிகாரியான யோசெப் கொசாட்ஸ்கி, நிலக் கண்ணிவெடிகளைக் கண்டறியும் கருவியொன்றை ஸ்கொத்லாந்திலே உருவாக்கினார். 1942இல் எல் அலமெயின் போர்க்களத்தில் அது பயன்பட்டது. போர் முடிந்தபின் இவ்வகைக் கருவிகள் மலிவாக விற்கப்பட்டன. அவற்றை வாங்கியவர்களுட் சிலர் கடற்கரைக்குச் சென்றனர்.

இக்கருவி இயங்கும் முறை யாது? தட்டினுள்ளே கம்பிச் சுருள் உண்டு. அதனூடே ஆடலோட்டம், அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம் செலுத்தப்படுகின்றது. அதனாற் சுருளைச் சூழ்ந்து மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் உண்டாகின்றது. இப்புலம் மணலுள் இறங்கி அங்குள்ள உலோகத்தைத் தொடும்போது, அவ்வுலோகத்தினுள்ளும் சிறு மின்னோட்டங்கள் சுழல்கின்றன. அவை தமக்குரிய காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்ப, மற்றொரு சுருள் அதனை ஏற்றுக் காதுக்கு ஒலியாகத் தெரிவிக்கின்றது. சாதாரண நாணயமொன்று ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்திற் கிடந்தால் அதனைக் கண்டறியலாம். பெரிய பொருளாயின் இன்னும் ஆழத்தில் இருந்தாலும் ஒலி கேட்கும்.

ஆனாற் கடற்கரையிலே ஓர் இடர்ப்பாடு உண்டு. உப்பு நீர் தானும் மின்னைக் கடத்துவது. ஆகவே ஈர மணலின்மீது தட்டை அசைத்தால், உலோகம் இல்லாத இடத்திலும் கருவி ஒலியெழுப்பும். புல்மோட்டைக் கரையிற் காணப்படுவது போன்ற கனிமம் மிகுந்த கரிய மணலும் இவ்வாறே கருவியை மயக்கக்கூடியது. இதற்கு மாற்றாகத் துடிப்பு முறைக் கருவிகள் தோன்றின. இவை மின்னோட்டத்தைக் கண நேரம் செலுத்திப் பின் நிறுத்திவிட்டுச் செவிகொடுக்கின்றன. உப்பு நீரில் எழுந்த ஓட்டம் விரைவில் அடங்கிவிடும். உலோகத்தில் எழுந்தது சற்றுத் தாமதித்தே அடங்கும். அத்தாமதமே உலோகத்தைக் காட்டிக்கொடுக்கின்றது. பல அதிர்வெண்களை ஒருங்கே செலுத்தி ஒப்பிட்டறியும் கருவிகளும் இன்று உள்ளன. எவ்வளவு நுட்பமான கருவியாயினும், மெல்லிய பொன் மோதிரத்துக்கும் சோடா டின்னிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஒலியைத் தரக்கூடும். தோண்டிப் பார்த்தே தெளிய வேண்டும்.

கரையில் எங்கே நடப்பது என்பது அடுத்த வினா. பாரமான பொருள் மணலின் மேற்பரப்பிலே தங்குவதில்லை. ஒவ்வோர் அலையும் மணலைக் கலக்கும்போது அது சிறிது சிறிதாகக் கீழிறங்கி, கடினமான களியையோ பாறையையோ சேர்ந்தபின்னரே நிலைகொள்ளும். எனவே அமைதியான நாள்களில் கரை காட்டுவது மிகக் குறைவு. பெரும்புயலொன்று அடித்து மணலை அரித்துச் சென்றபின், முன்பு ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்த படை வெளியே தெரியும். அனுபவமுள்ளோர் புயல் ஓய்ந்த மறுநாள், நீர் வற்றும் வேளையிற் செல்வது இதனாலேயே. அவர்கள் மனம்போன போக்கில் அலைவதில்லை. வயல் உழுபவன் சாலுக்குச் சால் ஒட்டி உழுவதுபோல, முன்னே நடந்த தடத்தை ஒட்டியே அடுத்த தடத்தை நடப்பர்.

பாதை இல்லாத கரைகளுக்கும், கழிகளின் நடுவேயுள்ள மணற்றிட்டுகளுக்கும் செல்லக் கயாக்கு என்னும் சிறுபடகு உதவுகின்றது. வடதுருவத்தை அடுத்த பனிநிலங்களில் வாழும் இனுயிற்று மக்கள், மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மீது கடல்நாய்த் தோலைப் போர்த்தி, வேட்டைக்கெனச் செய்த ஓடம் இது. இன்று பெரும்பாலும் பிளாஸ்திக்கினாற் செய்யப்படுகின்றது. ஒருவர் அமர்ந்து, இருமுனையும் அகன்ற துடுப்பை வலித்துச் செல்லலாம். முழங்காலளவு நீரிலும் மிதக்கும். தனியொருவர் கரைக்கு இழுத்து ஏற்றலாம். கருவியைக் கயிற்றாற் படகோடு பிணைத்தல், உயிர்காப்பு அங்கி அணிதல், காற்றுத் திசையையும் வற்றுப் பெருக்கையும் அறிந்து புறப்படுதல், செல்லுமிடத்தைப் பிறரிடம் கூறிச் செல்லுதல் என்பன தவறாது செய்யத்தக்கவை. கரையிலிருந்து வீசும் காற்று போகும்போது நண்பனாகவும் திரும்பும்போது பகைவனாகவும் இருக்கும் என்பதை எங்கள் மீனவர்க்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வீடு திரும்பியதும் கருவியை நன்னீரிற் கழுவாவிடின் உப்பு அதனைத் தின்றுவிடும்.

இனி, இத்தேடலின் உண்மையான பயனை விளக்கும் வரலாறு ஒன்றைக் காண்போம். 1715ஆம் ஆண்டு யூலை 24ஆம் திகதி, அமெரிக்கக் கண்டத்துச் செல்வங்களை ஏற்றிக்கொண்டு கியூபாவின் அவானாத் துறையிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் புறப்பட்டன. அவற்றுடன் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றும் சென்றது. ஒரு வாரத்தில், புளோரிடாவின் கீழைக் கரையருகே, பெருஞ்சூறாவளி அவற்றைத் தாக்கியது. பிரெஞ்சுக் கப்பல் மட்டுமே தப்பியது. பதினொரு ஸ்பானியக் கப்பல்கள் அழிந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். கரையேறியோர் அங்கேயே பாளையம் அமைத்துத் தங்கினர். காலப்போக்கில் அவ்விடம் மறக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், செபஸ்தியன் என்னும் ஊரில் வீடு கட்டும் தொழில் செய்துவந்த கிப் வாக்னர் என்பவர், புயலுக்குப் பின் அக்கரையிலே ஒழுங்கற்ற வடிவுடைய வெள்ளிக் காசுகள் ஒதுங்குவதைக் கண்டார். போரில் எஞ்சிய கண்ணிவெடிக் கருவியொன்றை வாங்கிக் கரையெங்கும் நடந்தார். அவர் காசுகளைச் சேர்த்ததோடு அமையவில்லை. ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தையும் அதிற் பொறித்த ஆண்டையும் நோக்கினார். ஒரு காசிலேனும் 1715க்குப் பிந்திய ஆண்டு காணப்படவில்லை. அவருடைய நண்பரான வைத்தியர் கெல்சோ, 1775இல் வெளிவந்த பழைய நூலொன்றில், கப்பல்கள் அழிந்த இடத்தைக் குறிக்கும் படத்தைக் கண்டெடுத்தார். கருவியின் ஒலியும் ஏட்டின் சான்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. கரையை அடுத்த மேட்டு நிலத்திலே ஆணிகளும் பீரங்கிக் குண்டுகளும் உடைந்த மட்பாண்டங்களும் வெளிப்பட, தப்பியோர் தங்கிய பாளையம் அதுவே எனத் தெளிவாயிற்று. இன்று அவ்விடத்திலே நூதனசாலையொன்று உள்ளது.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்கப்பல்கள் மூழ்கிய இடத்திலே, பொன்னோடும் வெள்ளியோடும் சீனநாட்டுப் பீங்கான் கிண்ணங்களும் கிடைத்தன. அவை சீனத்திலிருந்து மணிலாவுக்கும், அங்கிருந்து பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து மெக்சிக்கோவுக்கும் சென்று, கோவேறு கழுதைகளின் முதுகில் அந்நாட்டைக் குறுக்கே கடந்து, மீண்டும் கப்பலேறியவை. உலகத்தையே சுற்றி நடந்த ஒரு வாணிகத்தின் சாட்சி அப்பீங்கான். ஆயினும் எந்த உலோகங்காண் கருவியும் பீங்கானுக்கு ஒலிப்பதில்லை. எலும்புக்கும் மரத்துக்கும் மட்கலத்துக்கும் அது செவிடே. ஒலித்ததை மட்டும் பறித்தெடுத்து மற்றதை எறிந்துவிடுபவன், ஓர் ஏட்டிலே பொன்மையால் எழுதிய சொற்களை மாத்திரம் வெட்டியெடுத்து ஏட்டைக் கிழித்தெறிபவனுக்கு ஒப்பாவான்.

ஒரு பொருளின் பெறுமதியிற் பாதி அது கிடக்கும் இடத்திலே உள்ளது. எங்கள் தீவிலும் இதற்குச் சான்றுண்டு. 1961ஆம் ஆண்டில், தென்கீழ்க் கரைக்கு அப்பால் வெளிச்சவீடு நிற்கும் பெரிய பாசஸ் பாறைத் தொடரிலே, ஆதர் சி. கிளார்க்கின் தோழரான மைக் வில்சன் மூழ்கியபோது வெள்ளிக் காசுகளைக் கண்டார். அவை ஒளரங்கசீப்பு மன்னன் காலத்தில் சூரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்டவை. ஹிஜ்ரி 1113, அதாவது ஏறத்தாழ 1702ஆம் ஆண்டைக் காட்டுபவை. அவை கட்டிகளாக இறுகிக் கிடந்தன. கட்டிய துணி உக்கிப்போயிருந்தும், பையின் வடிவம் மாறவில்லை. புதிதாக அடித்த காசுகள் பைபையாகக் கட்டப்பட்டு அனுப்பப்பட்டன என்பதை அக்கட்டிகளே உரைத்தன. உடைத்துத் தனித்தனியாக விற்றிருந்தால், எஞ்சுவது வெள்ளியின் விலையே அன்றி வேறில்லை.

இடத்தைப் பற்றிய உண்மை திருடப்படவும் கூடும். 2015இல், முன்னர் கூறிய புளோரிடாக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட பொற்காசுகள் அகப்பட்டன. அவற்றுள் ஐம்பது மறைக்கப்பட்டன என்று 2024இல் அங்குள்ள அதிகாரிகள் அறிவித்தனர். மறைத்த காசுகளுள் மூன்று, பிறர் கண்டெடுப்பதற்காக மீண்டும் கடலடியில் இடப்பட்டன என்றும் அவர்கள் கூறினர். காசை மீட்கலாம். அது முதலிற் கிடந்த இடம் யாது என்னும் செய்தியை எங்ஙனம் மீட்பது?

கடலில் அழிந்த பொருள் யாருக்கு உரியது என்னும் வினாவும் பழையதே. நயினாதீவிலே பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனமொன்று உள்ளது. முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு. வாணிகப் பொருள் ஏற்றிவந்த கப்பலாயிற் பாதி பண்டாரத்துக்கு. எஞ்சியது உடையவனுக்கு என அது விதிக்கின்றது. இன்று இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி, உடையவரில்லாத தொல்பொருள் அரசுக்கே உரியது. அனுமதிப் பத்திரமின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுதல் குற்றமாகும். புளோரிடாவிலும் மாநிலத்துக்குரிய கடலடி நிலத்தில் அனுமதியின்றி எடுத்தல் ஆகாது. கயாக்கு எவ்வளவு எளிதாகச் சென்றாலும் சட்டம் கரையோடு நின்றுவிடுவதில்லை.

எங்கள் நாட்டிலே இக்கருவியின் ஒலி பலருக்கு நினைவூட்டுவது பொன்னை அன்று. 2009இல் போர் முடிந்தபின், முகமாலை முதலிய வட பகுதிகளிலே, முகக் கவசம் அணிந்து, நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்துக் கண்ணிவெடி அகற்றுவோர் ஏந்தியதும் இதே கருவியே. அவர்களுட் பெண்கள் பலர். அவர்களுக்கு ஒவ்வோர் ஒலியும் ஓர் உயிரின் பொறுப்பு. ஒலி கேட்ட இடத்தை முதலிற் குறியிடுவர். அதன்பின், எத்தனை நூறு முறை அது துருவேறிய ஆணியாகவே முடிந்திருந்தாலும், இம்முறையும் வெடியே எனக் கருதிப் பக்கவாட்டிலே பையப் பைய மண்ணை அகற்றுவர். நடந்த தடத்தையும் தவறாமற் பதிவு செய்வர். போர் நடந்த கரையில் மணலுக்குள் அறியாத இரும்பைக் காண்பவர் தொடாது விலகி, உரியவர்க்கு அறிவிப்பதே கடமை.

பொன் தேடுபவருக்கும் பழமை தேடுபவருக்கும் அப்பெண்களின் பொறுமையிலே பாடமுண்டு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் எங்கள் முன்னோர். போடுவதற்கே அளவு வேண்டுமாயின், கடல் பல நூறாண்டு காத்து வைத்திருந்ததை எடுப்பதற்கு எத்துணை அளவு வேண்டும்! மணலிற் பழைய காசொன்று உங்கள் காலில் இடறுமாயின், அதனைத் தேய்த்துத் துலக்காதீர்கள். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காசு ஒரு கையளவுதான். அது கிடந்த இடம் நம் அனைவருக்கும் உரிய வரலாறு.