பனித்தளத்தில் சரளம் ஏமாற்றும்

பனியே பெய்யாத நாட்டிலிருந்து ஒருவர் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒலிம்பிக் வரை போக முடியும் என்பதை மலேசியாவின் ஜூலியன் யீ 2018-இல் தென் கொரியாவின் பியோங்சாங்கில் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஸ்கேட்டிங் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் வென்றவரும் அவரே. நான்கு வயதில் தொடங்கி, பேரங்காடிக்குள் இருக்கும் பனித்தளத்தில் வளர்ந்தவர் அவர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு அந்தத் தளம் தொலைவில் இல்லை. கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கே.டி.எம். ரயிலில் ஏறி, செத்தியா ஜெயாவில் இறங்கி, பி.ஆர்.டி. பேருந்துக்கு மாறினால் சன்வே பிரமிட் வந்துவிடும். அங்கே முப்பதிலும் நாற்பதிலும் முதன்முதலாக ஸ்கேட்டிங் காலணியைக் கட்டுகிறவர்கள், யீயின் கதையிலிருந்து ஒரு தவறான பாடத்தை எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு: இது சின்ன வயதிலேயே தொடங்க வேண்டிய கலை, நமக்கு வராது. ஒலிம்பிக் பதக்கத்தைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். ஒரு திறன் தேர்வில் தேறுவதைப் பொறுத்தவரை அது சரியல்ல. வளர்ந்தவருக்குப் பெரிய தடை அவர் வயது அன்று. எது நல்ல பயிற்சி என்று அவர் மனம் சொல்கிறதோ, அந்தக் கணிப்புதான்.

தேர்வு என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஆசிய அரங்குகள் பலவற்றில் வழக்கத்தில் உள்ள, ஐ.எஸ்.ஐ. என்ற ஸ்கேட்டிங் அமைப்பின் தேர்வு முறையில் தொடக்க நிலைகளுக்கு ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று பெயர். ஆல்பாவில் முன்னோக்கிச் சறுக்குவதும், வளைவில் ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே எடுத்துவைக்கும் கிராஸ்ஓவரும், ஒற்றைக்காலால் சறுக்கலை நிறுத்துவதும் உண்டு. பீட்டாவில் சறுக்குவதையும் கிராஸ்ஓவரையும் பின்னோக்கிச் செய்ய வேண்டும். காமாவில் த்ரீ டர்ன் வருகிறது: ஒரே காலில் நின்றபடி, முன்னோக்கிப் போகும் உடலைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும், பனியில் விழும் தடம் 3 என்ற எண்ணைப் போலிருக்கும். டெல்டாவில் அதே திருப்பத்தை உள்விளிம்பில் செய்து காட்ட வேண்டும். தாவலும் சுழற்சியும் பார்வையாளர் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் இந்த நிலைகளில் நடுவர் பெரும்பாலும் பார்ப்பது விளிம்பை, அதாவது ஸ்கேட்டர் பிளேடின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார், எவ்வளவு உறுதியாக நிற்கிறார் என்பதை.

அந்த விளிம்பு ஏன் இவ்வளவு கடினம்? ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதன் அடி தட்டையாக இருக்காது. நீளவாக்கில் நடுவே குழிவாகத் தீட்டியிருப்பார்கள். அதனால் இரு புறமும் இரண்டு கூரிய விளிம்புகள் உருவாகின்றன. உடல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்த விளிம்பு பனியைப் பற்றி, வளைவைத் தருகிறது. எவ்வளவு சாய வேண்டும் என்பதை இயற்பியல் கறாராக நிர்ணயிக்கிறது. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில், 3 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகிறவர் செங்குத்திலிருந்து சுமார் 17 பாகை சாய்ந்திருக்க வேண்டும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் 8 பாகைக்கு மேல் சாயாவிட்டால், அதே வேகத்தில் வளைவின் ஆரம் ஆறு மீட்டருக்கு மேல் விரிந்துவிடும். தேர்வு கேட்கும் வடிவமே கலைந்துபோகும். தரையில் பல பத்தாண்டுகள் நடந்த உடலுக்கு, சாய்வு என்பது விழுவதற்கு முந்தைய நிலை. பனியிலோ சாய்வுதான் சமநிலை. காலைப் பின்னால் உதைத்து முன்னேறும் பழக்கமும் இங்கே உதவாது. உராய்வு மிகக் குறைவாக இருப்பதால், விளிம்பைப் பக்கவாட்டில் ஊன்றித்தான் தள்ள முடியும். ஆக, பழையதைத் திருத்திப் புதிய உடலசைவை நிலைநிறுத்துவதே வளர்ந்தவரின் வேலை. இது கற்றல் பற்றிய கேள்வி. கற்றலைப் பற்றி நமக்கு நல்ல சான்றுகள் உண்டு.

வழக்கமான பயிற்சி எப்படி நடக்கிறது? தேர்வு நெருங்குகிறது. வலக்கால் வெளிவிளிம்பு த்ரீ டர்ன் வரவில்லை. அதையே இருபது, முப்பது தடவை தொடர்ந்து செய்கிறார்கள். பத்தாவது தடவையில் தடுமாற்றம் குறைகிறது, இருபதாவதில் சரளம் வருகிறது, மனநிறைவோடு வீடு திரும்புகிறார்கள். அடுத்த வாரம் வந்து முதல் தடவை செய்தால், அதே பழைய தடுமாற்றம். ஜான் ஷேயும் ராபின் மார்கனும் 1979-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கான விளக்கத்தின் தொடக்கம். பங்கேற்றவர்கள் மூன்று வகைக் கையசைவுகளை வேகமாகச் செய்யப் பழகினார்கள். ஒவ்வொன்றையும் 18 தடவை. ஒரு குழு ஒன்றை முடித்த பிறகே அடுத்ததற்குப் போனது. மற்றக் குழு மூன்றையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது முதல் குழுவே வேகமாக இருந்தது. ஆனால் பத்து நிமிடம் கழித்தும், பத்து நாள் கழித்தும் சோதித்தபோது, கலந்து பழகியவர்களே முந்தினார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளை அதைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. சற்றுமுன் செய்ததை நீட்டித்தால் போதும். கலந்து செய்யும்போது ஒவ்வொரு தடவையும் நினைவிலிருந்து எடுத்து அமைக்க வேண்டியிருக்கிறது. தேர்வு நாளில் நடுவர் முன்னால் செய்ய வேண்டியது இந்த இரண்டாவது வேலையைத்தான்.

இன்னொரு சான்று வளர்ந்தவர்களைப் பற்றியே சொல்கிறது. பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்த ஆலன் பேட்லியும் லாங்மேனும் 1978-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகிய குழு, விசைப்பலகையை அறிந்துகொள்ள ஏறக்குறைய 35 மணி நேரப் பயிற்சி எடுத்துக்கொண்டது. நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு அமர்வுகள் பழகிய குழுவுக்கு ஏறக்குறைய 50 மணி நேரம் தேவைப்பட்டது. ஆனால் தங்கள் பயிற்சி ஏற்பாட்டில் குறைந்த நிறைவு கொண்டிருந்தவர்கள், மிகச் சிக்கனமாகக் கற்ற அந்த முதல் குழுவினரே. நாள்கணக்கில் தாங்கள் பின்தங்குவதாக அவர்களுக்குத் தோன்றியது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே உண்மை தெரிகிறது. பயிற்சியின்போது தெரியும் சரளம் வேறு, உடலில் தங்கும் கற்றல் வேறு. முதலாவது கண்ணுக்குத் தெரிகிறது, மனத்துக்கு இதமாக இருக்கிறது. இரண்டாவது அடுத்த வாரம்தான் தெரியவரும். குழந்தை தன் பயிற்சியைத் தானே திட்டமிடுவதில்லை. பயிற்றுநர் சொன்னதைச் செய்துவிட்டுப் போகிறது. வளர்ந்தவரோ தானே முடிவெடுக்கிறார், தன் காசில் பனித்தளத்துக்கு வருகிறார், வந்த நேரத்துக்குப் பலன் கண்ணில் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அதனாலேயே கண்ணுக்குத் தெரியும் சரளத்தின் பக்கம் அவர் சாய்ந்துவிடுகிறார்.

இதைத் தேர்வுத் தயாரிப்பில் எப்படிப் பயன்படுத்துவது? வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், ஒரே நாளில் முடிப்பதைவிட இரண்டு நாள்களில் ஒவ்வொரு மணி நேரம் நல்லது. ஒவ்வொரு மணியிலும் வலக்கால், இடக்கால், முன்னோக்கு, பின்னோக்கு என்று கலந்து செய்யலாம்; ஒரு த்ரீ டர்னுக்குப் பிறகு ஒரு கிராஸ்ஓவர், பிறகு மறுகாலில் திருப்பம். முன்னேற்றத்தை அளக்க ஒரே அளவுகோல் போதும்: அன்றைய பயிற்சியில், உடலைச் சூடாக்கிய பின், ஒத்திகை இல்லாமல் செய்யும் முதல் முயற்சி. இருபதாவது முயற்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தேர்வைப் பற்றி அதிகம் சொல்லாது. கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கும் சான்று உண்டு. கேப்ரியல் வுல்ஃப் குழுவினர் 1998-இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் நடத்திய ஆய்வில், தங்கள் பாதத்தின் விசையில் கவனம் வைத்தவர்களைவிட, பாதத்தின் கீழிருந்த சக்கரங்களின்மீது தரும் விசையில் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். ஆகவே கணுக்காலைப் பற்றி யோசிப்பதைவிட, பிளேடு பனியில் வரைய வேண்டிய கோட்டைப் பற்றி யோசிப்பது பயன் தரக்கூடும். பனித்தளத்தில் இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது: செய்து முடித்ததும் தடம் கண்முன்னே கிடக்கிறது, நின்று பார்த்துத் திருத்தலாம்.

மறுப்புகள் உண்டு. வயதான மூளை இப்படி மாறுமா என்பது முதலாவது. யானினா போய்க்கே உள்ளிட்ட ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2008-இல், சராசரி 60 வயதுடையவர்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையைக் கற்பித்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். எல்லாராலும் இளைஞர்களின் தரத்தை எட்ட முடியவில்லை. ஆனால் கற்றுக்கொண்டவர்களின் மூளையில், இளைஞர்களிடம் முன்பு கண்டது போன்ற சாம்பல் நிறப் பொருளின் அதிகரிப்பு தெரிந்தது. வேகம் குறையலாம், கற்கும் வாசல் மூடிவிடவில்லை. யீ தன் ஒலிம்பிக் தகுதியை வென்ற ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃப் நகரிலேயே 2005 முதல் வளர்ந்தவர்களுக்கான பன்னாட்டு ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி நடக்கிறது. 28 வயது நிரம்பியவர்களே அதில் பங்கேற்கலாம். எழுபதைக் கடந்தவர்களுக்கும் பிரிவு உண்டு.

இரண்டாவது மறுப்பு பிரிக்பீல்ட்ஸிலிருந்தே எழக்கூடியது. டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981-இலிருந்து பரதநாட்டியம் கற்பிக்கும் ஊரில், அரைமண்டியில் உறுதிப்பட்ட தொடையும் தாளத்துக்குப் பழகிய பாதமும் உள்ளவர்கள் ஏராளம். சமநிலை அவர்களுக்குத் தானாக வந்துவிடாதா? வலிமையும், அசைவு வரிசையை நினைவில் வைக்கும் பழக்கமும், பார்வையாளர் முன் நிற்கும் துணிவும் உதவும். ஆனால் சமநிலை என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே திறன் அன்று. பல்வேறு சமநிலைச் சோதனைகளை ஒப்பிட்ட 1967-ஆம் ஆண்டு ஆய்விலேயே, ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றிலும் சிறப்பார் என்பதற்கு மிகச் சிறிய தொடர்பே தெரிந்தது. அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிகின்றன. த்ரீ டர்னிலோ முழங்கால் பாதம் செல்லும் திசையிலேயே மடங்க வேண்டும். நடனம் அறிந்தவர் கற்க வல்லவர் என்பது உறுதி. பனியில் கற்க வேண்டியதைப் பனியில்தான் கற்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு மிக வலுவானது. கலந்து பழகுவதன் பலன் ஆய்வுக்கூடத்தின் எளிய அசைவுகளில் தெரிந்த அளவுக்கு, சிக்கலான விளையாட்டு அசைவுகளில் எப்போதும் தெரிவதில்லை. ஓர் அசைவின் அடிப்படை வடிவமே பிடிபடாத ஒருவரை ஐந்து அசைவுகளில் அலையவிட்டால், அவர் எதையும் கற்கமாட்டார்; பனியில் குழப்பம் என்றால் விழுதலும் மணிக்கட்டு எலும்பு முறிவும்கூட. இதை ஏற்கத்தான் வேண்டும். மார்க் குவாடக்னோலியும் டிமத்தி லீயும் 2004-இல் முன்வைத்த கருத்தும் இதுவே: கற்பவரின் நிலைக்கு ஏற்ற அளவு சவால்தான் கற்றலைத் தரும், அதற்குக் குறைந்தாலும் மிகுந்தாலும் பயன் குறையும். எனவே புதிய திருப்பத்தைத் தடுப்புச் சுவரைப் பிடித்தபடி, மெதுவாக, தொடர்ச்சியாகச் செய்து வடிவத்தைப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் அணிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வடிவம் வந்தபின்னும் அதே தொடர்ச்சியிலேயே தங்கிவிடுவதுதான் பிழை. வாரத்துக்கு இரண்டு முறை போக நேரமும் பணமும் இல்லாதவர், ஒரே வருகையையே இடைவெளிவிட்டுப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு திருப்பத்தை அமர்வின் தொடக்கத்திலும், நடுவிலும், முடிவிலும் எடுக்கலாம்.

இதனால் தேர்வின் மதிப்பும் மாறுகிறது. சான்றிதழ் எதற்கு, மகிழ்ச்சிக்காகத்தானே சறுக்குகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. மகிழ்ச்சியே காரணம் என்பதில் தவறில்லை. ஆனால் வளர்ந்தவரின் பயிற்சிக்கு மிகவும் தேவைப்படுவது, அவருடைய சொந்தத் திருப்திக்கு வெளியே நிற்கும் ஓர் அளவுகோல். ஒத்திகை இன்றி, இரண்டு காலிலும், கேட்ட வடிவத்தில் செய்துகாட்டச் சொல்லும் தேர்வு அதைத் தருகிறது. நாற்பது வயதில் தொடங்கியவர் த்ரீ டர்னில் தடுமாறும்போது, வயதைக் குற்றம் சொல்லி விலகுவதற்கு முன் தன் பயிற்சி ஏட்டைத் திறந்து பார்க்கட்டும்: எத்தனை நாள்களில் பிரித்துப் பழகினேன், எத்தனை அசைவுகளைக் கலந்தேன், முதல் முயற்சி எப்படி இருந்தது? வயதை யாராலும் குறைக்க முடியாது. இந்த மூன்றையும் அடுத்த வாரமே மாற்ற முடியும்.