பாலூட்டும் தாயரும் மார்பு நோவும்

வைகாசித் திங்கள் பிறந்ததும் மட்டக்களப்பு நாட்டு மக்கள் கண்ணகை அம்மன் கோவில்களிற் கூடுவர். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களிலே கண்ணகி வழக்குரை பாடப்பெற்று, ஈற்றிற் குளிர்த்திச் சடங்கு நிகழும். இடமார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்த மாபத்தினியின் வெம்மையைத் தணிப்பதே அச்சடங்கின் கருத்தாகும். கொதிக்கும் மார்பு குளிர்விக்கப்படல் வேண்டும் என்னும் உணர்வு இந்நாட்டு மக்களுக்குப் புதிதன்று. ஆயின் அம்மக்களின் வீடுகளிலே, பிள்ளை பெற்ற மூன்றாம் நாளிலோ பதினைந்தாம் நாளிலோ மார்பு கொதித்து வருந்தும் இளந்தாயின் துன்பம் பெரும்பாலும் வெளியே பேசப்படாது மறைந்துபோகின்றது. நாணத்தால் தாய் சொல்லாள். அறியாமையாற் பிறர் கேளார். சின்னாளிற் பால் போதவில்லை என்ற பெயரோடு பால்மாத் தகரம் வீட்டினுள் நுழைந்துவிடும்.

இப்பொருள் பெண்டிர்க்கே உரியதென ஆடவர் ஒதுக்குதல் பொருந்தாது. நாளைக்குக் கணவராகவும் தந்தையராகவும், ஆசிரியராகவும் மருத்துவராகவும் வாழப்போகின்றவர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் நன்று. நோயைத் துணிந்து, அதன் காரணத்தைத் தேர்ந்து, பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டுமெனத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்த ஒழுங்கே இங்கும் ஏற்புடையதாகும்.

பால் சுரக்கும் முறை

தாயின் ஒவ்வொரு மார்பிலும் ஏறத்தாழப் பதினைந்து முதல் இருபது வரையான சுரப்பிக் கூறுகள் உள. அவற்றிலுள்ள நுண்ணிய பைகளிற் பால் ஊறி, மெல்லிய நாளங்கள் வழியாகக் காம்பை அடைகின்றது. இச்செயலை இரண்டு ஓமோன்கள் நடத்துகின்றன. குழந்தை சப்பும்பொழுது தாயின் கபச்சுரப்பியிலிருந்து வெளிப்படும் புரோலக்ரின் பாலை ஊறச் செய்கின்றது. ஒட்சிரோசின் அப்பைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகின்றது. அச்சமும் கவலையும் கடுநோவும் ஒட்சிரோசினின் செயலைத் தற்காலிகமாகத் தடைசெய்யும். மனம் அமைதியுற்றதும் பால் முன்போல் இறங்கும். எனவே, துயருற்ற தாய்க்குப் பால் வற்றிவிட்டது என்று முடிவு கட்டுதல் தவறாகும்.

மகப்பேற்றின் முதன்னாட்களிற் சுரப்பது மஞ்சள் நிறமான சீம்பால். இதனைக் கடும்புப்பால் என்றும் கூறுவர். அளவிற் சிறிதாயினும் நோயெதிர்ப்புப் பொருள்கள் செறிந்த அதுவே குழந்தையின் முதற் காப்பாகும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிற் பால் பெருகத் தொடங்கும். ஊறிய பால் வெளியேறாது மார்பிலேயே தங்குமாயின், இனிச் சுரக்க வேண்டாம் என்னும் குறிப்பு உடலுக்குக் கிடைக்கும், சுரப்பும் குறையும். எடுப்பதற்கேற்பவே ஊறும் என்னும் இவ்விதியை அறிந்தார்க்கு, நோவு கண்டவுடன் பாலூட்டலை நிறுத்துவதனால் வரும் கேடு எளிதில் விளங்கும்.

நோவின் வகைகள்

பாலூட்டும் தாய்க்கு உண்டாகும் நோவு ஒரே தன்மையதன்று. முதலாவது, காம்பு நோவு. இதற்குப் பெருங் காரணம் குழந்தை மார்பைப் பற்றும் முறையிலுள்ள பிழையே. குழந்தை காம்பின் நுனியை மாத்திரம் பற்றுமாயின், அது அண்ணத்தின் வன்பகுதியில் உராய்ந்து வெடிக்கும். சிலபொழுது குருதியும் கசியும். வெடிப்பிலிருந்து சிறிது குருதி குழந்தையின் வயிற்றிற் சேர்ந்தாலும் அதனாற் கேடில்லை.

இரண்டாவது, பால்கட்டு. மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையில் இரு மார்புகளும் கல்லைப்போல் இறுகிக் கனத்துப் பளபளக்கும். அதற்குப் பால் நிறைவு மாத்திரம் காரணமன்று. குருதியும் நிணநீரும் மிகுந்து இழையங்கள் வீங்குவதும் காரணமாகும். காம்பைச் சூழ்ந்த கருவட்டம் விறைத்திருத்தலாற் குழந்தையாற் பற்ற இயலாது போகும்.

மூன்றாவது, ஒரு மார்பின் ஓரிடத்தில் மாத்திரம் தோன்றும் நோவுமிக்க கட்டி. அப்பகுதியின் நாளங்கள் வீக்கத்தால் நெருக்கப்பட்டுப் பாலோட்டம் தடைப்படுதலே இதன் காரணம். இறுகிய உடை, ஊட்டும் வேளை தவறுதல், ஒரே பக்கமாகப் படுத்தல் ஆகியன இதனைத் தூண்டும்.

நான்காவதும் கடியதும் முலையழற்சி. மார்பின் ஒரு பகுதி சிவந்து வெம்மையுற்று வீங்கும். காய்ச்சலும் குளிர்நடுக்கமும் உடல் உளைச்சலும் தோன்றும். மகப்பேற்றின் பின் இரண்டாம், மூன்றாம் கிழமைகளிலேயே இது மிகுதியாகக் காணப்படுகின்றது என்று உலக சுகாதார நிறுவனம் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரை கூறுகின்றது. தோலில் வாழும் ஸ்ரபிலோகொக்கசு என்னும் பற்றீரியா வெடிப்பின் வழியே உட்புகுதலும் உண்டு. நுண்ணுயிர் புகாமலே அழற்சி தோன்றுதலும் உண்டு. தக்க காலத்திற் கவனியாவிடிற் சீழ்க்கட்டியாக முதிரும்.

இவையன்றி, காளான் தொற்றினாலும், குளிர்பட்டதும் காம்பின் குருதிக்குழாய்கள் சுருங்குவதனாலும் எரிச்சலும் குத்தலும் உண்டாவதுண்டு. காம்பு வெளிறிப் பின்னர் நீலமாதல் பின்னதன் அடையாளம். இவற்றை மருத்துவரே பிரித்தறிதல் வேண்டும்.

தணிக்கும் வழி

மருந்துகள் எவற்றினும் முந்தியது குழந்தையைச் சரியாக அணைக்கும் முறையே. தாய் சாய்ந்து வசதியாக அமர்தல் வேண்டும். குழந்தையின் தலையும் உடலும் நேர்கோட்டில் நின்று, வயிறு தாயின் வயிற்றோடு பொருந்த வேண்டும். மார்பைக் குழந்தையிடம் கொண்டுசெல்லாது, குழந்தையை மார்பிடம் கொணர்தல் நன்று. காம்பு மேலுதட்டைத் தீண்டக் குழந்தை வாயை அகலத் திறக்கும். அவ்வேளையில் அணைத்தால், காம்போடு கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாயினுட் செல்லும். நாடி மார்பைத் தொட்டிருத்தலும், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருத்தலும், கருவட்டம் கீழே குறைவாகவும் மேலே கூடுதலாகவும் தெரிதலும் சரியான பற்றுதலின் அடையாளங்கள். முதலிற் சிறிது கூச்சம் தோன்றி மறைதல் இயல்பு. ஊட்டும் நேரம் முழுவதும் நோவு நீடிக்குமாயின் பற்றுதலிற் பிழையுண்டு. அப்பொழுது குழந்தையைப் பிடித்திழுத்தலாகாது. தூய சிறுவிரலை அதன் வாயோரத்திற் செலுத்திப் பிடியைத் தளர்த்தி, மீண்டும் அணைத்தல் வேண்டும். பலமுறை திருத்தியும் சரியாகாவிடின், நாக்குக் கட்டுப் போன்ற தடையுண்டோ என்று குழந்தையின் வாயையும் பார்ப்பித்தல் தகும்.

பால்கட்டிற்கு, குழந்தை கேட்கும்பொழுதெல்லாம் ஊட்டுதலே தலையாய வழி. பச்சிளங் குழந்தை ஒரு நாளில் எட்டு முதற் பன்னிரண்டு முறை வரை பாலுண்ணும். கருவட்டம் விறைத்திருந்தால், விரல் நுனிகளால் அதனைச் சுற்றி மெல்ல அழுத்திச் சிறிது பாலைக் கையாற் பிழிந்தபின் குழந்தை எளிதிற் பற்றும். ஊட்டலின் இடையிடையே ஈரத்துணியிற் சுற்றிய பனிக்கட்டியோ குளிர்ந்த நீரில் நனைத்த துணியோ வைத்தால் வீக்கம் தணியும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். கட்டியை அழுத்திப் பிசைந்து உருட்டினாற் கரையும் என்பது பழைய எண்ணம். அவ்வாறு செய்தல் மெல்லிய இழையங்களைப் புண்படுத்தி வீக்கத்தைப் பெருக்கும் என்பது இக்காலத் தெளிவு. மார்பை முற்றாக வறளச் செய்ய வேண்டுமென்று ஓயாது பிழிதலும் வேண்டா. அது சுரப்பை மேலும் தூண்டி நோவை வளர்க்கும். குழந்தையின் தேவைக்கு ஏற்ப ஊட்டுக, மிகையாகப் பிழியற்க என்பதே இடைப்பட்ட நல்வழி.

முலையழற்சியிலும் பாலூட்டலை நிறுத்துதல் கூடாது. அப்பால் நஞ்சாகிவிட்டது என்னும் அச்சம் ஆதாரமற்றது. நிறைமாதக் குழந்தைக்கு அதனால் தீங்கில்லை. திடீரென நிறுத்தினாற் பால் தேங்கி, அழற்சி முதிர்தற்கே இடமுண்டாகும். பரசிற்றமோல், இபுபுரோபன் ஆகிய நோவு தணிப்பிகள் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவையே. எனினும், அளவையும் தாயின் பிற நோய்களையும் கருதி மருத்துவமாதிடமோ மருத்துவரிடமோ கேட்டுக் கொள்ளல் நலம். ஒரு நாளுக்குள் நோவும் காய்ச்சலும் தணியாவிடினும், தாய் மிகவும் சோர்வுற்றாலும், வைத்தியசாலைக்குச் செல்லுதல் கடமையாகும். நுண்ணுயிர்கொல்லி மருந்து தரப்பட்டால் அதனை இடையில் விடாது முடித்தல் வேண்டும். சீழ்க்கட்டியாயின் ஊசியால் உறிஞ்சி எடுக்கும் முறை இன்று பெருவழக்கு. சில கிழமைகளாகியும் கரையாத கட்டி எதுவாயினும், அது பால்கட்டுத்தான் என்று வாளாவிராது, மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். புற்றுநோய் பாலூட்டுங் காலத்தை விலக்கி வைப்பதில்லை.

வழக்கங்களை ஆராய்தல்

மட்டக்களப்பு நாட்டின் குடும்ப அமைப்பு பிள்ளை பெற்றவளுக்குப் பெருந்துணையாக உள்ளது. இங்கு பெரும்பாலும் பெண் மணமுடித்துக் கணவன் வீடு செல்வதில்லை. கணவனே மனைவியின் வீட்டுக்கு வருகின்றான். வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகின்றன. ஆதலின், மகப்பேற்றின்பொழுது இளந்தாய் தன் தாயின் அருகிலேயே இருக்கின்றாள். அவளுக்கு ஓய்வும் சுடுநீர்க் குளிப்பும் பத்தியச் சோறும் கிடைக்கின்றன. குழந்தையைத் தாங்க அம்மம்மாவின் மடி கிடைக்கின்றது. பாற்சுறாவும் முருங்கையிலையும் ஊட்டம் நிறைந்த உணவுகளே. நோவைப் பற்றித் தாயிடம் நாணமின்றிச் சொல்லவும் இவ்வமைப்பு இடந்தருகின்றது.

எனினும், வழக்கம் என்பதனாலேயே யாவும் நல்லன ஆகா. சீம்பாலைப் பிழிந்து கொட்டுதலும், அதற்கு மாறாகச் சீனித்தண்ணீர் பருக்குதலும் குழந்தையின் காப்பைப் பறிப்பன. முதன்னாட்களிற் சப்புதல் குறைவதனாற் பால்கட்டும் கடுமையாகும். பத்தியம் என்று தண்ணீரை மறுத்தல் தாயை வாட்டும். நோவுக்குக் கண்ணூறும் நாவூறும் காரணமெனக் கூறிக் காலத்தைக் கழித்தல், அழற்சி சீழாவதற்கு இடங்கொடுப்பதாகும்.

தென்னிந்தியாவில் வழங்கும் ஒரு முறை சிந்தித்தற்குரியது. பாலை வற்றச் செய்ய விரும்புவோர் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவர். வேலூரில் இதனை மருத்துவர் ஆராய்ந்து, பால் வற்றச் செய்யும் மாத்திரையோடு ஒப்பிட்டு, பூவுக்கும் அவ்வாற்றல் உண்டென 1988 இல் எழுதினர். குழந்தையை இழந்த தாய்க்கு அது ஆறுதலளிக்கும் மருந்து. பாலூட்ட விரும்பும் தாய் நோவு தணியுமென்று அதனைக் கட்டினாலோ, நோவோடு பாலும் போய்விடும். முன்னோர் மருந்தை எள்ளுதலும் தவறு. எதற்கென்று அறியாது கையாளுதலும் தவறு என்பதற்கு இதுவே போதிய சான்று.

வாவிக்கரையும் மருத்துவமாதும்

இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926 இற் களுத்துறையில் நிறுவப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த அமைப்பின் பயனாக, இன்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொதுச் சுகாதார மருத்துவமாது உளள். பிள்ளை பெற்றவளை முதற் பத்து நாட்களுள் இருமுறை வீட்டிலேயே சென்று காண்பது அவளது கடமை. பால்கட்டும் வெடிப்பும் தோன்றுங் காலமும் அதுவே. தாய்ப்பாலுக்கு மாறான உணவுகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு விதிகளை உலக சுகாதாரப் பேரவை 1981 மே மாதத்தில் ஏற்றது. அவற்றை முன்கூட்டியே கைக்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 2016 இன் நாடளாவிய ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மாத்திரம் பருகினர். உலகிற் பல செல்வ நாடுகள் எட்டாத நிலை இது.

ஆயினும், எழுவான்கரையில் எளிதாகக் கிடைப்பது படுவான்கரையில் அரிதாதலுண்டு. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பகுதியார் வாவியைத் தோணியிலும் பாதையிலும் கடந்தனர். மாரியில் வெள்ளம் பெருகினால் இன்றும் பல ஊர்கள் துண்டிக்கப்படும். 2011 சனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும் அல்லலுற்றது. கிணறுகள் வெள்ளத்தால் மாசுற்ற வேளையிற் பால்மாவைக் கரைக்கத் தூய நீர் எங்கே? விறகு நனைந்த வீட்டிற் புட்டியைக் கொதிக்க வைப்பது எவ்வாறு? தாய்ப்பாலுண்ணும் குழந்தைக்கு மாத்திரமே அந்நாளிலும் மாசற்ற உணவு உண்டு. மார்பு நோவினாற் பாலூட்டலைக் கைவிட்ட தாயின் குழந்தை, வயிற்றோட்டத்துக்கு எளிய இரையாகின்றது. ஒரு சிறு வெடிப்பு ஓர் உயிரின் நிலையையே மாற்றவல்லது என்பதை இதனால் உணரலாம்.

ஆகவே, பாலூட்டும் தாயின் நோவு பொறுத்துக் கிடக்க வேண்டிய விதியன்று. பாலை மறுக்க வேண்டிய காரணமுமன்று. எங்கோ தடையுண்டு என்று உடல் அறிவிக்கும் குறிப்பே அது. அக்குறிப்பை முதல் நாளிலேயே தாய் கூறவும், அம்மம்மா செவிமடுக்கவும், கணவன் மருத்துவமாதை அழைத்துவரவும் பழகுவாராயின், பெரும்பாலான நோவு சின்னாளில் நீங்கும். ஆண்டுதோறும் அம்மனுக்குக் குளிர்த்தி செய்யும் மக்கள், தம் வீட்டில் வெம்மையுற்றிருக்கும் தாயின் மார்பையும் அறிவாலும் அன்பாலும் குளிர்விப்பார்களாக.